காலம் தீட்டிய ஓவியம் அல்ல, கூடல்வாய் ஒழுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த படக்கட்டுரை அருமை. ஆனால் வளவின் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) மூலைத் தூணுக்கு மேலே பச்சையாகப் படர்ந்த கறையைப் படக்குறிப்பு ‘காலம் தீட்டிய ஓவியம்’ என்கிறது. காலத்தின் மேல் பழி போட வேண்டாம். அது கூடல்வாய் ஒழுக்கு.

வளவில் நான்கு பக்கத்துக் கூரையும் நடு முற்றத்தை நோக்கிச் சரிகிறது. இரண்டு சரிவு சேரும் மூலைதான் கூடல்வாய். அடியில் தகரம் பதித்திருப்பார்கள். ஆள் இல்லாத வீட்டில் வேப்பஞ்சருகும் புழுதியும் அங்கே அடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், தகரம் துருவேறி ஓட்டையாகும். அதன் வழியே இறங்கும் தண்ணீர் உத்திரத்தின் நுனியைத்தான் முதலில் பிடிக்கும். பர்மா தேக்கைக் கரையான் லேசில் தொடாது. ஆனால் சுவருக்குள் புதைந்த நுனிக்குக் காற்று கிடையாது. ஈரம் நின்றால் தேக்கும் உளுத்துவிடும். வெளியே பார்க்க வழவழவென்றுதான் இருக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்தப் பளிங்கு போன்ற வெள்ளைச் சுவரைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சுண்ணாம்பும் பெருமணலும் கலந்த அடிப்பூச்சு, அதன் மேல் வரவர நைசான பூச்சுகள், கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, பிறகு வழவழப்பான கல்லால் தேய்ப்பு. இந்தச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் நல்லெண்ணத்தில் அடியில் சிமென்ட் பூசி மேலே எனாமல் அடித்துவிட்டுப் போவார்கள். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பழைய பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். இதற்குச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்க உலர விட வேண்டும். அடிப்பூச்சுக்கு, இரண்டு மூன்று வாரமாவது தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைக்கலாம். வெல்லம் கூடினால் பூச்சு இறுகாது. ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததைப் போட்டால் வெடிப்பு நிச்சயம்.

இன்னொரு திருத்தம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல், கட்டுரை சொல்வதுபோல் ‘சுட்ட ஓடு’ அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமென்ட்டும் நிரப்பி, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பது. சூளையே கிடையாது, பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. அதனால் ஆசிட் ஊற்றிக் கழுவினால் வண்ண அடுக்கே அரித்துப் போகும். வெறும் தண்ணீரும், எப்போதாவது தேங்காயெண்ணெய் தொட்ட துணியும் போதும். சுவரில் பதித்த ஜப்பான் பூக்கல் வேறு சாதி, அது சுட்டு மெருகேற்றியது.

வீடுகள் ஏன் பாழாகின்றன என்பதற்குக் கட்டுரை பர்மா வணிகம் நொடித்த கதையோடு நின்றுவிட்டது. ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு உண்டு. அறைக்கு அறை தனிப் பூட்டு; கூரைக்கு மட்டும் யாரும் சொந்தக்காரர் இல்லை. பாகத் தகராறு தீரும்வரை காத்திருக்காமல் கூரைக்கென்று மட்டும் எல்லாப் புள்ளிகளும் பணம் போட்டு, வருடா வருடம் புரட்டாசிக்குள் ஓடு மாற்றி, கூடல்வாயைத் துடைத்துவிட்டால் ஐப்பசி அடைமழையைச் சமாளிக்கலாம். வாரம் ஒருநாள் முகப்புக் கதவையும் பின்கட்டுக் கதவையும் சேர்த்துத் திறந்து வைக்க ஓர் ஆள் வேண்டும். இரண்டும் நேர்க்கோட்டில் இருப்பதால் காற்று தானாகவே ஊடுருவும்.

அடுத்த முறை உங்கள் புகைப்படக்காரர் முற்றத்தில் நின்று நான்கு மூலைகளையும் அண்ணாந்து ஒரு படம் எடுக்கட்டும். அந்தக் கூரை இன்னும் எத்தனை மழை தாங்கும் என்று இங்கே உள்ள கொத்தனார்கள் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

– ஒரு வாசகர், காரைக்குடி