வல்லினம் வராத காலம்

அன்பு சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் மனசு வேறு எங்கோ போய்விடுகிறது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, கண்ணாடி பவர் கூடிவிட்டது. என் பக்கச் சேதி அவ்வளவுதான். மற்றதெல்லாம் உன் மகளைப் பற்றி.

தாடை ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு வேண்டாம் என்கிறாள், ஏன் என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாய். பதினேழு வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்தோமே, கடைசியில் இப்படியா என்ற உன் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த வருஷங்களை அவள் பக்கம் நின்று ஒரு தடவை எண்ணிப் பார். உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவள். கைக்குழந்தையாக இருக்கும்போதே உதட்டில் தையல். ஒரு வயதில் அண்ணத்தில், அதாவது வாயின் மேற்கூரையில். காதுக்குள் நீர் கோத்ததற்குக் குழாய். ஒன்பது வயதில் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து ஈறில் வைத்தார்கள். அப்புறம் வருஷக்கணக்கில் பல் கம்பி. இதில் எதையாவது அவளைக் கேட்டுச் செய்தோமா? கேட்கிற வயசு இல்லை, சரி. இப்போது இருக்கிறதே. அவள் வாயிலிருந்து வந்த முதல் 'வேண்டாம்' இது. எடுத்த எடுப்பில் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடாதே.

நானும் அவளைப் போலப் பிளவோடு பிறந்தவன்தான். சேர்ந்து படித்த காலத்தில் என் உதட்டுத் தழும்பைப் பற்றி நீ ஒரு நாளும் பேசினதில்லை. நீ பேசாமல் இருந்தது அந்த வயசில் எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. நானும் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. மெல்லினத்துக்கு மூக்கு என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அண்ணம் சரியாக மூடாத பிள்ளைக்கு வல்லினமும் மூக்கு வழியாகப் போய்விடும். ப, த, க எல்லாம் காற்றை வாய்க்குள் அடைத்துத் திறந்தால்தான் வரும். எனக்கு அடைக்கவே முடியாது. நான் 'அப்பா' என்று கூப்பிட்டால் 'அம்மா' என்றுதான் விழும். யாரைக் கூப்பிட்டேன் என்று தெரியாமல் இரண்டு பேருமே எழுந்து வருவார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'பாப்பா' சொல்லச் சொல்வார். ஆவி படிந்தால் மறுபடி சொல்ல வேண்டும். எத்தனையோ மாதம் கழித்து ஒரு நாள் கண்ணாடி மங்கவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அப்பாவை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. கடைசியில் அவர், "போதும்டா, காது வலிக்குது" என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் தாடை ஆபரேஷனில் மேல்தாடையை முன்னால் நகர்த்தும்போது அண்ணமும் கூடவே நகரும். தொண்டையின் பின்சுவருக்கும் அதற்கும் இடைவெளி கூடி, சிலருக்குப் பேச்சு மறுபடி மூக்கால் போகும். டாக்டர் இதைச் சொல்லியிருப்பார். நீ முக அமைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவள் குரலை நினைத்துப் பயந்துகொண்டிருக்கலாம். என் ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

தழும்பு பெரிதென்றால் மனக்குறையும் பெரிது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆய்வு செய்தவர்கள் பார்த்தவரை இரண்டும் ஒன்றாகப் போவதில்லை. லேசான கோடு மட்டும் உள்ளவர் கண்ணாடி முன் நிற்கவே கூசலாம். பெரிய தழும்போடு இருப்பவர் மேடையேறிப் பேசலாம். தன் முகம் தனக்கு எப்படித் தெரிகிறது, எவ்வளவு கேலியைத் தாங்க வேண்டியிருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் இதில் சேர்த்தி. ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று பிளவோடு பிறக்கிறது. அவர்களில் நிறையப் பேர் நன்றாகவே இருக்கிறார்கள். எல்லோரையும் பாவமாகப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கொரோனாவில் ஊரே முகக்கவசம் போட்டபோது, இந்த வயசிலும் எனக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம் இருந்தது.

முன்பெல்லாம் போட்டோவையும் எக்ஸ்ரேயையும் அளந்து பார்த்து ஆபரேஷன் வெற்றி என்று எழுதிவிடுவார்கள். இப்போது 'க்ளெஃப்ட்-க்யூ' என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, 8 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கானது. முகம், பேச்சு, பள்ளி, நண்பர்கள் என்று எல்லாவற்றையும் அவர்களிடமே கேட்கிறது. உங்கள் டாக்டரிடம் அது இருக்கிறதா என்று விசாரி. குழுவில் மனநல ஆலோசகர் இருந்தால் அவள் தனியாகப் போய்ப் பேசட்டும், நீ வெளியே உட்கார். சாப்பிடுவதிலும் மூச்சு விடுவதிலும் தொந்தரவு இல்லையென்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்றும் கேட்டுவிடு. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி பேச்சு வருகிறது என்றால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே.

என் நம்பரை அவளிடம் கொடு. பேசத்தான் வேண்டும் என்று வற்புறுத்தாதே. கூப்பிட்டாளென்றால் ஆபரேஷன் பேச்சையே எடுக்கமாட்டேன், அந்தக் கண்ணாடிக் கதையைச் சொல்வேன். அவளிடமும் ஒன்று இருக்கும்.

அன்புடன்,
மூர்த்தி