ஆபத்தில் இருப்போர் யாரிடம் போவது என்பதை ஊராட்சிதோறும் எழுதி வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் நலக் களப்பணியாளர்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: ஊராட்சிகளில் பாதுகாப்புத் தகவல் பலகை வைத்தல், தானசெட்டில்மென்ட் பத்திரங்களில் பராமரிப்பு நிபந்தனை சேர்த்தல் – சார்பாக.

வணக்கம். பிள்ளையிடம் அடி வாங்கும் மூதாட்டி முதலில் காவல் நிலையத்துக்குத்தான் போகிறார். குடும்பத் தகராறு என்று ஒரு மனு ரசீதோடு அனுப்பிவிடுகிறார்கள். அடித்தது குற்றம், அதற்கு வழக்குப் பதிய வேண்டும். சோற்றுக்கும் மருந்துக்கும் வழி கேட்க வேண்டிய இடம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் என்பதை அந்த ஊரில் யாரும் அவருக்குச் சொல்வதில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி 60 வயது நிறைந்தவர் அங்கே மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. நடக்க முடியாதவருக்காக அவர் அனுமதி பெற்ற வேறொருவர் கொடுக்கலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

சொத்தை எழுதிக் கொடுத்த பிறகு கைவிடப்படுவோரின் நிலை இன்னும் மோசம். அதே சட்டத்தின் பிரிவு 23-இன் கீழ் பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொத்து கொடுக்கப்பட்டது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. பிந்தைய தீர்ப்புகள் சில முதியோருக்கு இணக்கமாக இருந்தாலும், பத்திரத்திலேயே அந்த வரி இருந்தால் வாதத்துக்கே இடமில்லை. பத்திர எழுத்தர்களோ வழக்கமான "அன்பின் காரணமாக" வாசகத்தை எழுதி முடித்துவிடுகிறார்கள். "எழுதிக் கொடுப்பவரின் ஆயுள்காலம் வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் அனைத்தும் எழுதிப் பெறுபவர் அளிக்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்ய எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டு" என்ற வரியைப் படித்துக் காட்டி, வேண்டுமா என்று கேட்கும்படி சார்பதிவாளர் அலுவலகங்களை அறிவுறுத்தக் கோருகிறோம். செலவே இல்லாத இந்த ஒரு வரி பல முதியோரின் கூரையைக் காக்கும்.

குழந்தைகளுக்கான 1098 உதவி எண் பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே எழுதப்பட்டிருக்கிறது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் நின்று எந்தக் குழந்தையும் அதை மனப்பாடம் செய்யாது. கழிப்பறைக் கதவின் உள்பக்கம், குழந்தையின் கண்மட்டத்தில் அதை எழுத வேண்டும். அழைப்பவர் தன் பெயரைச் சொல்லத் தேவையில்லை, குழந்தையின் வயது, ஊர், அருகிலுள்ள அடையாளம், இப்போது ஆபத்தா என்பது போதும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேசுவதுதான் பெருங்கேடு. இக்குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. நல்லெண்ணத்தில் செய்யும் தவறுகளும் உண்டு. குழந்தையைக் குளிப்பாட்டி, துணியைத் துவைத்துவிடுகிறார்கள். தடயம் அதோடு போகிறது. ஆளாளுக்கு விசாரிப்பதால் குழந்தை மிரண்டு, பிறகு வாயே திறப்பதில்லை. துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்வார், இயன்றவரை பெண் உதவி ஆய்வாளரே வருவார் என்று தெரிந்தால் பெற்றோர் தயங்க மாட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் மனநலம் குன்றித் திரிபவரை அடுத்த ஊருக்கு வண்டி ஏற்றிவிடுவதும் நிற்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு காவல் நிலையத்துடையது. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் 4 அடிக்கு 3 அடி அளவில் ஒரு பலகை வேண்டும். மாதந்தோறும் எல்லா வீட்டாரும் வரும் இடம் அதுதான். குழந்தைக்கு 1098, முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181, உடனடி ஆபத்துக்கு 112. இவற்றோடு கோட்டாட்சியர், மாவட்ட சமூக நல அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஆகியோரின் அலுவலக எண்கள் இருக்கட்டும். அலுவலர் பெயரோ சொந்தக் கைபேசி எண்ணோ வேண்டாம். இடமாறுதல் வந்ததும் பலகை பயனற்றுப்போகும். எண்ணெய்ப் பெயின்டில், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி எண்ணுக்குப் பக்கத்தில் குழந்தை, முதியவர் படம் வரைய வேண்டும்.

கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை உண்மையாகவே கூடுவதையும், வீட்டுக்கு வந்து கையெழுத்து மட்டும் வாங்கிப் போகாமல் இருப்பதையும் உறுதி செய்ய வேண்டுகிறோம். அதே கூட்டத்தில் தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பட்டியலையும் பார்க்கலாம். உதவித்தொகை வரும் ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது என்ற ஒரு கேள்வியை அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் கேட்டு வந்தாலே பல உண்மைகள் வெளிவரும்.

பலகையின் மாதிரியையும் பத்திர நிபந்தனை வாசகத்தையும் இணைத்துள்ளோம். முதற்கட்டமாக ஓர் ஒன்றியத்திலாவது தொடங்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
களப்பணியாளர்கள்

இணைப்பு: பலகை மாதிரி – 1, நிபந்தனை வாசகம் – 1