கூரை கொடுத்த ஐந்து வீட்டாருக்கு

அன்புடையீர், வணக்கம்.

கத்திரி வெயிலில், சென்னை பக்கிங்காம் கால்வாயோரத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில் தீப்பிடித்து நாற்பது நாள் ஆகிறது. பதினெட்டுக் குடிசைகள் சாம்பலாயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

முதல் நன்றி கடைசிச் சந்தின் ஐந்து வீட்டாருக்கு. அவர்கள் வீடுகள் எரியவில்லை, ஆனாலும் கூரை போயிற்று. பிரித்துப் போட்டது நாங்கள்தான். எங்களோடு குடியிருக்கும் வனக்காவலர் அண்ணன், பணியில் இருந்தவரை தேனிப் பக்கத்துக் காடுகளில் கோடைக்கு முன்பே சருகையும் புல்லையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு போட்டவர். 2018 மார்ச்சில் குரங்கணி மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததைச் சொன்னால் இன்றும் அவருக்குக் குரல் கம்மும். அன்று அவர்தான் கத்தினார்: "எரிகிற வீட்டை விடுங்கள், எரியாத வீட்டுக் கீற்றைப் பிரியுங்கள்!"

யார்தான் சம்மதிப்பார்கள்? கடைசி வீட்டு ஆயா அரிவாளோடு வந்து, தன் கூரைக் கயிற்றைத் தானே அறுத்தார். வேய்ந்து ஒரு மாதம்கூட ஆகாத கீற்று. மற்ற நால்வரும் அதன்பிறகு பேசவில்லை. தின்னக் கீற்றில்லாமல் தீ அந்த இடத்தோடு நின்றது.

வண்டி நுழையாத சந்தில் குழாயைத் தோளில் சுமந்து ஓடிவந்த தீயணைப்பு வீரர்களுக்கு நன்றி. ஏப்ரல் மாதத் தீத்தொண்டு வாரத்தில், எரியும் சிலிண்டரை ஈரச்சாக்கால் மூடி அணைப்பதை நீங்கள் செய்து காட்டியபோது சிரித்தோம், மன்னியுங்கள். அன்று ஒரு சிலிண்டரை அப்படித்தான் அணைத்தோம். மூன்று நாள் சோறு போட்ட கோயிலாருக்கும் பள்ளிவாசலாருக்கும் நன்றி.

ஜெராக்ஸ் கடைத் தம்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கருகிய ரேஷன் அட்டைக்கு மாற்று கேட்டுப் போனால், ஓர் அலுவலகத்தில் "பழைய அட்டை எங்கே?" என்றார்கள். சாம்பலைப் பொட்டலம் கட்டியா கொண்டுபோவது? எப்போதோ நாங்கள் நகலெடுத்த ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் தம்பி தன் கணினியில் தேடி, இரண்டு இரவு கண்விழித்து அச்செடுத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. இப்போது எல்லா வீட்டிலும் சான்றிதழ்ப் பை வாசலருகே ஆணியில் தொங்குகிறது.

பிரித்த ஐந்தில் நான்கு வீட்டுக்குத் தகரம் போட்டாயிற்று. ஆயாவுக்கு மட்டும் கீற்றுதான் வேண்டுமாம், தகரத்தின் அடியில் வெந்து சாக முடியாதாம். பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
கால்வாயோரக் குடியிருப்பு மகளிர் குழுவினர்