பிப்ரவரியில் இலை ஏது?

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நியூ ஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் காபிக்கு நிறுத்திய இடத்தில் ஜாய்ஸ் கில்மர் என்று பேர் போட்டிருந்ததே, யாருப்பா அந்த அம்மா என்று கேட்டாய். அம்மா இல்லை, ஐயா. அமெரிக்கக் கவிஞர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் மூன்று வருஷம் பெண் என்று நினைத்துத்தான் பாடம் நடத்தினேன். பையன்கள் பரீட்சையில் அப்படியே எழுதினார்கள், நானும் மார்க் போட்டேன்.

நீ பாவாடை சட்டையில் ஒப்பித்த 'ட்ரீஸ்' பாட்டு அவருடையதுதான். பன்னிரண்டே வரி. உனக்குப் பக்கத்து ஊர் நியூ பிரன்ஸ்விக்கில் 1886இல் பிறந்தவர். அங்கே நின்ற பெரிய ஓக் மரத்தைப் பார்த்துத்தான் பாடினார் என்று ஊரில் ஒரு பேச்சு. 1963இல் அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். நானும் அந்த ஓக் மரக் கதையையே நோட்ஸில் கொடுத்திருக்கிறேன், தப்பு. பாட்டு பிறந்தது அதே நியூ ஜெர்சியில் மாவா என்ற ஊரில், அவர் வீட்டு மாடியறையில், 1913 பிப்ரவரி 2ஆம் தேதி. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் அடர்ந்த சரிவு. குறிப்பிட்ட ஒரு மரம் என்று எதுவும் கிடையாது என்றார் அவர் மூத்த மகன்.

சரி, பிப்ரவரியில் அங்கே இலை ஏது? பாட்டிலோ மரம் நாள் முழுக்க இலைக் கைகளைத் தூக்கிக் கும்பிடுகிறது, தலையில் குருவிக் கூடு வேறு.

அந்த வருஷக் கடைசியில்தான் அவர் கத்தோலிக்கராக மாறினார். அதற்கு முன் பல மாதம், ஆபீஸ் போகிற வழியில் தினமும் ஒரு சர்ச்சில் நின்று, நம்பிக்கையைக் கொடு என்று வேண்டியிருக்கிறார். மகள் ரோஸுக்குப் போலியோ வந்து கைகால் விளங்காமல் போனது. அந்த அசையாத கைகள்தான் தன்னை நம்பிக்கையிடம் அழைத்துப் போயின என்று ஒரு பாதிரியாருக்கு எழுதினார். அந்த இடத்தில் மேலே படிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பக்தர் பாடிய பாட்டு என்றுதான் வகுப்பில் சொல்வேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மரம் கும்பிடுகிறது, இவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உன் அம்மா உள்ளே போக, கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவனுக்கு இது புரியாதா?

ரோஸ் 1917இல் போய்விட்டாள். அதே வருஷம் இவர் பிரான்சுக்குக் கப்பலேறினார். 1918 ஜூலை 30, போர்முனையில் குண்டு பட்டு இறந்தார். வயது 31.

பிப்ரவரி பிறந்ததும் உன் ஜன்னலில் தெரிகிற மரத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. காலையில் எடு, வெளிச்சம் இருக்கும்.

அன்புடன்,
அப்பா