455 கோடி ஆண்டு: கணக்கு எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில், பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று ஒரு வரி வந்திருந்தது. எண் சரிதான். ஆனால் அதை யார், எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் நான். "யார் சார் கூட இருந்து பார்த்தது?" என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். அது நல்ல கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது.

இதற்குச் சாட்சி சொல்வது ஈயம். யுரேனியம் தானாகச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. யுரேனியத்திலும் ஈயத்திலும் எடை வேறுபட்ட அணு வகைகள் உண்டு; பெயரோடு வரும் எண் அந்த வகையைக் குறிக்கும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். அது ஈயம்-206 ஆகிறது. யுரேனியம்-235க்கு சுமார் 70 கோடி ஆண்டுகளே போதும். அது ஈயம்-207 ஆகிறது. ஈயம்-204 மட்டும் இப்படிப் புதிதாகச் சேர்வதில்லை. அதோடு ஒப்பிட்டால் மற்ற இரண்டும் எவ்வளவு கூடியிருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

சரி, தொடக்கத்தில் இருந்த ஈயம் எவ்வளவு? பூமியிடம் கேட்டால் பதில் வராது. அதன் ஆதிப் பாறைகள் உருகியும் தேய்ந்தும் அழிந்துவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த, மணல் துகள் அளவே உள்ள சிர்க்கான் என்ற கனிமப் படிகங்களே 440 கோடி ஆண்டு வரைதான் போகின்றன. அதனால் அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பாட்டர்சன் விண்கற்களை எடுத்துக்கொண்டார். அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ இரும்பு விண்கல்லில், இரும்பு சல்ஃபைடு உள்ள பகுதியில் யுரேனியம் அநேகமாக இல்லை. அப்படியானால் அதிலுள்ள ஈயம் சூரியக் குடும்பம் பிறந்தபோது இருந்த அதே ஈயம்! மற்ற விண்கற்களில் அதைவிட எவ்வளவு ஈயம் கூடியிருக்கிறது என்று பார்த்து வயதைக் கணக்கிட்டார். 1956-இல் அவர் வெளியிட்ட விடை 455 கோடி, முன்பின் 7 கோடி. ஈய அளவுகளை வரைபடத்தில் குறித்தபோது, பூமியின் கடலடி வண்டலில் இருந்த ஈயமும் விண்கற்களின் அதே கோட்டில் வந்து உட்கார்ந்தது. பூமியும் அவற்றோடு பிறந்ததுதான் என்பதற்கு அது ஆதாரம்.

இதற்காக அவர் பட்ட பாட்டைத்தான் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆய்வகக் காற்று, தூசி, தண்ணீர், கண்ணாடிப் பாத்திரம் என்று எங்கிருந்தோ ஈயம் வந்து கலந்து அளவுகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் கழுவி, வடிகட்டி, தூசி நுழையாத அறை அமைத்த பிறகுதான் நம்பகமான அளவு கிடைத்தது. அப்புறம் அவர் அதே கேள்வியை விடாமல் துரத்தினார். இத்தனை ஈயம் ஏன் எங்கும் இருக்கிறது? பெட்ரோலில் கலந்த ஈயம் அதில் பெரும்பங்கு என்று கண்டு, 1965 முதல் வெளிப்படையாக எழுதினார். கிரீன்லாந்துப் பனியடுக்குகளை அளந்து, தொழிற்காலத்தில் ஈயம் எப்படி ஏறியது என்றும் காட்டினார். ஈயத் தொழில்துறை கடுமையாக எதிர்த்தும் அவர் பின்வாங்கவில்லை. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல்தான் நின்றது.

சிறுவர் பக்கத்தில் அந்த எண் மறுபடி வரும்போது, விண்கல்லின் படத்தோடு இந்த ஈயத்தின் கதையையும் அரைப் பக்கமாவது போடுங்கள். படிக்கிற பிள்ளைகள் அடுத்த நாளே வகுப்பில் அதைப் பற்றிக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கரூர்