சர்வரின் நிர்வாக வாசல்: நண்பனுக்கு ஒரு கடிதம்

குன்னூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரியில் துறைக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வர்களை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும், ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவிய ஒரே பெரிய சர்வரில் மெய்நிகர் இயந்திரங்களாக (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாகும் தனித்தனிக் கணினிகளாக) மாற்றும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பாதுகாப்புக்கு எதை முதலில் செய்வது என்று கேட்டிருந்தாய்.

நிர்வாகப் பக்கத்துக்குப் போகும் வழியை முதலில் அடைத்துவிடு. ப்ராக்ஸ்மாக்ஸில் அது 8006ஆம் போர்ட்டில், அதாவது சர்வரின் அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில் இருக்கிறது. அங்கே நுழைந்துவிட்டவனுக்கு உள்ளே ஓடும் இயந்திரங்களின் கடவுச்சொற்கள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அவற்றின் வட்டுகளையே நகலெடுக்கலாம், அழிக்கலாம், பூட்டிவைத்துப் பணம் கேட்கலாம்.

மலையில் இருக்கும் எங்களுக்கு இந்த வாசலைத் திறந்துவைக்கும் ஆசை அதிகம். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்துவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் ஏறி வர முடியாது. நான் பார்த்துக்கொள்ளும் தேயிலைத் தொழிற்சாலையிலோ, சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடைக் கணக்கும் அவர்களுக்குத் தர வேண்டிய பணத்தின் கணக்கும் அங்குள்ள ஒரே சர்வரில்தான் இருக்கின்றன. அதனால் நிர்வாகப் பக்கத்தை நேராக இணையத்தில் வைத்துவிடலாம் என்று பலரும் யோசனை சொன்னார்கள். நான் இணங்கவில்லை. வெளியிலிருந்து வருபவர் முதலில் வயர்கார்டு என்ற விபிஎன் (மறைகுறியாக்கிய தனி இணைப்பு) வழியாக வர வேண்டும். பிறகு நிர்வாகத்துக்கென்றே ஒதுக்கிய ஒரு கணினிக்குள் நுழைய வேண்டும். அந்தக் கணினிக்கு மட்டுமே ஃபயர்வால் (நெட்வொர்க்கில் யாரை விடுவது என்று தீர்மானிக்கும் காவல்) 8006ஐத் திறக்கும். அதன்மேல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் உண்டு. அது ப்ராக்ஸ்மாக்ஸிலேயே இருக்கிறது. சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்கவும் எழுப்பவும் உதவும் ஐபிஎம்ஐ என்ற வசதியின் கேபிள் போர்ட்டையும் இதே தனி நெட்வொர்க்கில் வை. ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையின் அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது: உள்நுழையாதவன் கேட்டாலும் பயனரின் கடவுச்சொல் ஹாஷை, அதாவது கடவுச்சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்க உதவும் குறியீட்டைத் தந்துவிடும்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் 2023 பிப்ரவரியில் நடந்த ‘இஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ்’ என்ற பணம் பறிக்கும் தாக்குதல். விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ்ஐ (ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருள்) ஓடி, இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான சர்வர்களில் மெய்நிகர் இயந்திரங்களின் கோப்புகள் பூட்டப்பட்டன. தாக்கியவர்கள் நுழைந்ததாகக் கருதப்பட்ட வழி, 427ஆம் போர்ட்டில் இயங்கும் ஓபன்எஸ்எல்பி என்ற சேவையில் இருந்த ஓட்டை. அதற்கான திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளிவந்திருந்தது. பெரும்பாலான இடங்களில் யாருக்கும் தேவைப்படாத ஒரு சேவை இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

கல்லூரியின் பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு ஹோஸ்ட்டின் (மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கும் சர்வரின்) உள்நுழைவை இணைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். டொமைனில் (ஆக்டிவ் டைரக்டரி ஆளும் வட்டத்தில்) சேர்த்த இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள், ‘இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழு இருந்தாலே அதன் உறுப்பினர்களுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டன. டொமைனைக் கைப்பற்றியவர்கள் அந்தப் பெயரில் குழு உருவாக்கி உள்ளே போனதை 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ப்ராக்ஸ்மாக்ஸில் அந்தக் குறிப்பிட்ட ஓட்டை இல்லை என்றாலும், டொமைன் விழுந்தால் ஹோஸ்ட்டும் சேர்ந்து விழும் என்ற ஆபத்து அங்கும் உண்டு.

மாணவர்களுக்கு இயந்திரங்கள் கொடுத்து அவர்கள் விரும்பியதை இயக்க விடப்போவதாகவும் எழுதியிருந்தாய். அந்த இயந்திரங்களை அலுவலகக் கணக்கு இருக்கும் சர்வரில் வைக்காதே. பழைய சர்வர்களில் ஒன்றை அதற்கென ஒதுக்கு. மெய்நிகர் இயந்திரத்தின் சுவர் உடையாதது அல்ல. 2015இல் வெளிப்பட்ட வெனம் ஓட்டை, மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் கியூஇஎம்யூ மென்பொருளில், ஃப்ளாப்பி வட்டுக் கட்டுப்படுத்தியைப் போலச் செயல்படும் நிரலில் இருந்தது. ஃப்ளாப்பியை அமைப்பிலிருந்து நீக்கிய பிறகும் அந்த நிரல் இயங்கியதால், திருத்தம் போட்டவர்களே தப்பினார்கள். 2018இல் தெரியவந்த எல்1டிஎஃப் என்ற இன்டெல் பிராசஸர் குறைபாட்டில், பிராசஸரின் ஒரே கோரைப் (core) பகிரும் இன்னொரு இயந்திரத்தின் தரவு கசிய வழி இருந்தது. நம்பத்தகாத நிரல் ஓடும் இடத்தைப் பிரித்துவைப்பதே இதற்கெல்லாம் செலவு குறைந்த வழி என்பது என் கருத்து. திருத்தங்களை மாதம் ஒரு நாள் குறித்துப் போடு. ஹோஸ்ட்டை மறுதொடக்கம் செய்ய முதல்வரிடம் இப்போதே அனுமதி வாங்கிவை.

பேக்கப் சர்வரைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். ஹோஸ்ட் பயன்படுத்தும் பேக்கப் கணக்குக்கு எழுதும் அனுமதி இருக்கட்டும், அழிக்கும் அனுமதி வேண்டாம். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரில் இதை எளிதாக அமைக்கலாம். ஹோஸ்ட்டைப் பிடித்தவன் அடுத்துத் தேடுவது பேக்கப்பைத்தான்.

புதிய சர்வரில் எத்தனை நெட்வொர்க் போர்ட்டுகள் இருக்கின்றன, உங்கள் ஸ்விட்ச் விலேன் (ஒரே ஸ்விட்சில் தனித்தனி நெட்வொர்க்குகள்) பிரிப்பதற்கு ஏற்றதா என்று பார்த்து எழுது. இணைப்புப் படத்தையும் வரைந்து அனுப்பினால், நிறுவத் தொடங்கும் முன்பே அதைப் பார்த்து என் கருத்தை எழுதுகிறேன்.

உன் அன்பு நண்பன்