மறுப்பதென்றால் முதல் நாளே மறுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கருக்கலைப்பு செய்ய மனசாட்சி இடம் தரவில்லை என்று சொல்லும் டாக்டர்களைத் திட்ட இதை எழுதவில்லை. நான் செவிலியராக இருந்தபோது அப்படிப்பட்டவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், சிலர் தங்கமானவர்கள். என் கோபமெல்லாம் மனசாட்சி என்று வாயைத் திறந்து சொல்லாமலே மறுப்பவர்கள் மேல்தான்.

"வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்", "அம்மாவைக் கூட்டிட்டு வா", "அடுத்த வாரம் இன்னொரு ஸ்கேன் பார்த்துட்டுச் சொல்றேன்." இதெல்லாம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1971 கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண் தானே சம்மதித்தால் போதும், கணவர் கையெழுத்துக்கு அங்கே வேலையே இல்லை. 20 முதல் 24 வாரம் வரை உள்ள அனுமதியைக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்காக மறுக்கக்கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகும் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

இப்படி இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் அந்தப் பெண்தான் விலை கொடுக்கிறாள். ஒன்பது வாரம் வரை மாத்திரையிலேயே முடிந்திருக்கும், தாண்டினால் தியேட்டருக்குப் போக வேண்டும், 20 வாரம் தாண்டிவிட்டால் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் விதியில் சொன்ன சில பிரிவினருக்கு மட்டும்தான்.

மருத்துவ அவசியம் இருக்கும்போது மதத்தை மட்டும் காரணம் காட்டி இதை மறுக்கக்கூடாது என்று மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. எத்தனை பேர் படித்தார்களோ! என்னைக் கேட்டால் அந்த விதியே கொஞ்சம் கறார்தான், மனசில்லாதவர் கையில் கருவியைக் கொடுத்து யாருக்கு என்ன லாபம்? பிரிட்டனில் 1967 சட்டமே விலகிக்கொள்ள இடம் தருகிறது, உயிர் போகும் நிலை அல்லது உடலுக்கோ மனதுக்கோ நிரந்தரமான பெரும் பாதிப்பு வரும் நிலை என்றால் மட்டும் முடியாது. கிளாஸ்கோவில் பிரசவ வார்டு பொறுப்பில் இருந்த இரண்டு செவிலியர்கள், மற்றவர்களுக்கு ட்யூட்டி போடுவதும் மேற்பார்வை பார்ப்பதும்கூட எங்களால் முடியாது என்று வழக்குப் போட்டபோது, நேரடியாகக் கைவைக்கும் வேலையிலிருந்து மட்டும்தான் விலகலாம் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. சரியான கோடு அது. இங்கே சீட்டு எழுதிக் கொடுப்பவர்கூட மனசாட்சிக்காரராகி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அதே சமயம் இத்தாலியையும் பார்க்க வேண்டும். 1978 சட்டம் கொடுத்த சலுகையில் மகப்பேறு டாக்டர்கள் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் விலகிக்கொண்டதால், சில பகுதிகளில் பெண்கள் வேறு ஊருக்கு அலைகிறார்கள்.

அதனால் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இதைச் செய்யச் சம்மதிக்கும் டாக்டர் ஒருவராவது ட்யூட்டி பட்டியலில் இருக்க வேண்டும். முடியாது என்பவர், யாரிடம், எந்தக் கிழமை போக வேண்டும் என்று ஓபி சீட்டிலேயே அன்றைக்கே எழுதிக் கொடுக்கட்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி